ஏழில் ஒரு பங்கு



எங்கள் அத்தா வஃபாத்தாகி, அம்மாவின் இத்தாக் காலம் முடிந்த மறுவாரம், ஏற்காட்டு வீட்டின் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். பழைய பட்டா நகல்கள், அத்தாவின் பள்ளிச் சான்றிதழ், காப்பி மூட்டைகளின் எடைச் சீட்டுகள், துணியில் சுற்றிய ஒரு கிதாப் ஆகியவை அதில் இருந்தன. கிதாபின் கடைசி வெற்றுத் தாள்களில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள். எழுத்து அரபு, மொழி புரியவில்லை. உருதுவாக இருக்கும் என்று எண்ணி மறுபடியும் துணியில் சுற்றி வைத்துவிட்டோம். எங்கள் குடும்பத்தின் வரலாறு அந்தத் தாள்களில்தான் இருந்தது என்பதை அறிய மேலும் பதினான்கு மாதங்கள் ஆயின. அந்தப் பதினான்கு மாதங்களும் நாங்கள் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் மூவர். ஒருவர் ஷார்ஜாவில், ஒருவர் சென்னையில், ஒருவர் சேலத்தில். அத்தா இருந்தவரை கேட்காத கேள்விகள் எல்லாம் அவரை அடக்கிவிட்டு வந்த பிறகுதான் எங்கள் மூவருக்கும் ஒன்றாகத் தோன்றின. இஷாத் தொழுகைக்குப் பின் கைப்பேசியில் மூவரும் கூடி, அன்றன்று தேடியதைப் பகிர்ந்துகொள்வது வழக்கமாயிற்று.

எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதைகள் இரண்டு. ஒன்று, எங்கள் முன்னோர் திப்பு சுல்தானின் குதிரைப்படையில் இருந்தவர்கள் என்பது. இராவுத்தர் என்னும் பெயருக்கே குதிரை வீரர் என்று பொருள் சொல்வதால் அந்தக் கதையை நாங்கள் ஐயுற்றதில்லை. மற்றொன்று, எங்கள் பூட்டனாரின் நேர்மையை மெச்சி ஒரு தோட்டத் துரை மலையில் நிலத்தை இனாமாகக் கொடுத்தார் என்பது. இந்த இரண்டுக்கும் சான்று தேடிப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதே எங்கள் நிய்யத்தாக இருந்தது. அதில் பெருமையின் பங்கு எவ்வளவு என்பதை அப்போது நாங்கள் எடைபோடவில்லை.

முதலில் மலையின் வரலாற்றைப் படித்தோம். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நாடுகளில் சேலமும் பாராமஹாலும் அடங்கும். அதன் பின்னரே சேர்வராயன் மலை கும்பினியார் கைக்கு வந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இங்கே காப்பியையும் மேனாட்டுப் பழமரங்களையும் பயிரிட்டார். அவருடைய கிரேஞ்ச் பங்களா இன்றும் ஏற்காட்டில் பேசப்படுகிறது. காப்பிக்கே ஒரு வம்சாவளி உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் ஸூஃபிப் பெரியார் யமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழக்கு. ஒரு செடியின் வழித்தடம் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்படுகிறது. அச்செடியை நட்டவர்களும் பறித்தவர்களும் மூட்டை சுமந்தவர்களும் யார் என்று தேடினால்தான் தடம் அற்றுப்போகிறது.

இணையத்தில் ஏற்காட்டைப் பற்றிய குடும்பப் பதிவுகள் இல்லாமல் இல்லை. வெள்ளையர் குடும்பங்களைத் தேடுவோருக்கு அவை புதையல். அன்றைய சென்னை மாகாணத்துத் தேவாலயங்களில் நடந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்னும் சங்கத்தின் தன்னார்வலர்கள் அவற்றிலும் கல்லறைக் கற்களிலும் உள்ள பெயர்களைப் பெயர்த்தெழுதி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் தளத்திலும் இலவசமாகத் தேடலாம். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியாகிய இராபர்ட் புரூஸ் ஃபூட் தம் முதுமையை ஏற்காட்டில்தான் கழித்தார். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர் அவர். அவரைப் பற்றிய பிறப்பும் மணமும் மரணமும் அரை மணி நேரத்தில் எங்கள் திரைக்கு வந்துவிட்டன. எங்கள் பூட்டனாரைப் பற்றி அரை வரியும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்வதே எங்களுக்கு ஒரு கல்வியாக அமைந்தது. நம் நிக்காஹ்கள் மஹல்லாவின் தஃப்தரில் எழுதப்பட்டன. அவற்றின் நகல் எந்தத் தலைநகருக்கும் போகவில்லை. எல்லாத் திருமணங்களையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்னும் தமிழ்நாட்டுச் சட்டம் 2009இல்தான் வந்தது. பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இல் சென்னை மாகாணச் சட்டம் இருந்தது; ஆயினும் பெயர் சூட்டும் முன்பே குறித்துக்கொள்ளப்பட்ட பல பதிவுகளில் தகப்பன் பெயரும் 'ஆண்' அல்லது 'பெண்' என்ற சொல்லும் மட்டுமே இருக்கும். குடிமதிப்பிலும் இதே நிலைதான். இங்கிலாந்தில் நூறு ஆண்டு கடந்த கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும் பார்க்கலாம். இங்கே வீட்டுவாரியாக எழுதிய படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை. தொகைகள் மட்டும் அச்சேறின. 1883இல் லெஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டையும், 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியரையும் ஸ்கேன் பிரதிகளில் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். மழையளவும் உண்டு, காப்பி விளைச்சலும் உண்டு. நாங்கள் அவற்றில் ஓர் எண்ணாக இருந்தோம்.

இன்னொரு காரணத்தை ஏற்காட்டிலேயே கண்டோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஒண்டிக்கடைச் சந்திப்பைக் கடந்து, பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திற்குப் போனோம். பாசி படிந்த கற்களில் பெயர், வயது, பிறந்த ஊர், இறந்த நாள் எல்லாம் செதுக்கப்பட்டிருந்தன. பிறகு நம் மையவாடிக்குப் போய் ஸலாம் சொன்னோம். மண்மேடுகளும் மீஸான் கற்களும் இருந்தன. பெயர் எழுதிய கல் ஒன்றும் இல்லை. பூட்டனார் எந்த மேட்டின் கீழ் இருக்கிறார் என்று காட்ட ஆள் இல்லை. கபுரின்மேல் கட்டுவதையும் எழுதுவதையும் நம் மார்க்கம் விரும்பவில்லை. அப்படியானால் இறந்தவரின் நினைவு கல்லில் அன்றி வேறு எங்கோ காக்கப்பட வேண்டும் என்றுதானே பொருள்? அது எங்கே என்று கேட்டுக்கொள்ளாமலே மலை இறங்கினோம்.

வெறுங்கையோடு நிற்க மனம் வரவில்லை. குடும்ப மரம் அமைத்துத் தரும் ஒரு தளத்தில் பூட்டனாரின் பெயரை இட்டோம். நம் பெயர்களின் சிக்கல் உங்களுக்குத் தெரியும். குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் முன்னால் நிற்கும். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுதலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். எழுத்தர்களோ மகமது, முகம்மது, முஹம்மத், மம்மது என்று காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். எந்திரத்திற்கு இந்த நுட்பம் தெரியாது. ஒத்த பெயர் ஒன்றைக் காட்டி, 'இவர் உங்கள் முன்னோராக இருக்கலாம்' என்றது. நாங்கள் அழுத்தினோம். அவருக்கு மேலே இன்னொருவர், அவருக்கு மேலே இன்னொருவர் என்று நான்கே இரவுகளில் ஒரு குதிரை வணிகர் வழியாக அரபு நாடு வரை போய்ச் சேர்ந்துவிட்டோம். யாரோ ஒருவர் சான்றின்றி ஏற்றிவைத்த மரத்தோடு எங்கள் மரத்தை ஒட்டவைத்திருந்தோம், அவ்வளவே. அன்று அது எங்களுக்குத் தோன்றவில்லை. பெரிய தாளில் அச்சிட்டுச் சட்டமும் போட்டோம்.

அதை எடுத்துக்கொண்டு சேலத்தில் எங்கள் மஹல்லாவின் பழைய ஹஜ்ரத் அவர்களிடம் போனோம். எண்பதைக் கடந்தவர், அத்தாவுக்கு ஓதிக்கொடுத்தவர். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"மேலே ரொம்ப தூரம் போயிட்டீங்க, மாஷா அல்லாஹ். பக்கவாட்டுல போகலையே? உங்க பாட்டனாருக்குக் கூடப்பிறந்தவங்க எத்தனை பேரு?"

"ஆண்மக்கள் மூன்று பேர், ஹஜ்ரத்."

"பொண்ணுங்க?"

இல்லை என்றோம். அதற்குச் சான்றும் கையில் வைத்திருந்தோம். பதிவுத்துறையின் தளத்தில் பல அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். எங்கள் தோட்டத்தின் சர்வே எண்ணை இட்டதும் 1976ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று வந்திருந்தது. அதற்கு மனுப்போட்டு நகலும் பெற்றிருந்தோம். 1953இல் இறந்த பூட்டனாரின் மூன்றரை ஏக்கரை எங்கள் பாட்டனாரும் அவர் தம்பியர் இருவரும் சமமாகப் பிரித்துக்கொண்ட பத்திரம் அது. தங்கள் தகப்பனாருக்குத் தாங்கள் மூவரைத் தவிர வேறு வாரிசு இல்லை என்று மூவரும் அதில் ஒப்பமிட்டிருந்தார்கள். பூட்டனார் அந்த நிலத்தை விலைக்கு வாங்கியவர் என்பதும் அந்தப் பத்திரத்திலேயே இருந்தது. துரை கொடுத்த இனாம் என்னும் கதை அந்த ஒரு வரியில் முடிந்தது.

ஹஜ்ரத் பத்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "வீட்டுல பழைய கிதாபு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் கிதாபைக் கொண்டுபோனோம். அவர் கடைசித் தாளைத் திறந்ததும் வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார். அவர் வாசித்தது தமிழ். எங்களுக்கு உடல் சிலிர்த்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அர்வி என்னும் அரபுத்தமிழ் அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளில் புள்ளிகள் கூட்டி எழுதுவார்கள். தமிழகத்திலும் இலங்கையிலும் எத்தனையோ மார்க்க நூல்கள் அவ்வாறு எழுதப்பட்டன. பள்ளிக்கூடம் போகாத நம் பெண்கள் பலர் ஓதக் கற்ற அதே எழுத்தால் தாய்மொழியையும் எழுதினார்கள். எங்களுக்கு அரபு எழுத்தும் தெரியும், தமிழும் தெரியும். இரண்டும் ஒரே தாளில் இருந்தபோது எங்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை.

தாளில் ஐந்து பிறப்புகள் இருந்தன. முதற்பிறப்பு, ஹிஜ்ரி 1330 ரஜப் மாதம், ஒரு பெண். பிறகு மூன்று ஆண்கள். கடைசியாக ஒரு பெண் குழந்தை. அதன் வரியிலேயே அதன் மரணமும் குறிக்கப்பட்டிருந்தது. கீழே, ஹிஜ்ரி 1347 ஷவ்வாலில் மூத்தவளின் நிக்காஹ். மாப்பிள்ளையின் ஊர் சேலம், இன்ன மஹல்லா. ஆங்கிலக் கணக்கில் அது 1929 மார்ச். அதற்குப் பின் எதுவும் இல்லை.

"பிறப்பெல்லாம் ஒரே கை. நிக்காஹ் வரி மட்டும் வேற கை," என்றார் ஹஜ்ரத். "எழுதிட்டிருந்த பிள்ளை கல்யாணமாகிப் போயிடுச்சு. அதுக்கப்புறம் அந்த வீட்டுல எழுத ஆள் இல்ல."

எங்கள் பாட்டனாருக்கு ஒரு தமக்கை இருந்திருக்கிறார். 1976இல் மூன்று தம்பியரும் வேறு வாரிசு இல்லை என்று கையெழுத்திட்டபோது அவருக்கு வயது அறுபத்து நான்கு.

ஹஜ்ரத் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த எங்கள் சட்டமிட்ட மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மார்க்கத்தில் வம்சாவளிக்கு உள்ள இடத்தைச் சொன்னார். உறவுகளைச் சேர்ந்து வாழ எந்த அளவு தேவையோ அந்த அளவுக்கு வம்சத்தைக் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதியில் உள்ளது. அமலில் பின்தங்கியவனை அவனது வம்சம் முன்னுக்குக் கொண்டுவராது என்ற எச்சரிக்கை முஸ்லிமில் உள்ளது. அபூபக்ர் (ரலி) அவர்கள் அரபுகளின் வம்சாவளியில் தேர்ந்தவர்கள். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் மக்களுக்கு மானியம் வழங்கப் பதிவேடு தொகுத்தபோது, அகீல், மக்ரமா, ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) ஆகிய வம்சாவளி அறிஞர் மூவரிடம் அப்பணியை ஒப்படைத்தார்கள். "அந்தப் பதிவேட்டை எதுக்கு எழுதினாங்க? யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்னு தெரிஞ்சுக்க. நீங்க எதுக்கு எழுதினீங்க?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

பிறகு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். சூரா அந்நிஸாவின் கட்டளைப்படி, பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் என்றால் மீதி ஏழு பங்கு. பெண்ணுக்கு அதில் ஒன்று. பின்னர் அந்தத் தாயும் இறந்து, அவர் பங்கும் அதே பிள்ளைகளுக்கு வந்தபோது கணக்கு இன்னும் எளிதாயிற்று: மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு மகளுக்கு. மூன்றரை ஏக்கரில் அரை ஏக்கர். தம்பியருக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர். ஆனால் அவர்கள் மூன்றாகப் பிரித்ததால் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஏக்கரும் பதினாறரை சென்ட்டுக்குச் சற்று மேலும் இருந்தது. அந்தப் பதினாறரை சென்ட் சொச்சம் அவர்களுடையது அன்று. பாட்டனாரிடமிருந்து அத்தாவுக்கும், அத்தாவிடமிருந்து எங்களுக்கும் வந்த நிலத்தில் அதுவும் சேர்ந்து வந்திருந்தது. அதில் விளைந்த காப்பியைக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்தக் காலத்துச் சட்டம் அப்படி என்று ஒதுக்கவும் இயலவில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது உண்மை. ஆனால் சென்னை மாகாணத்தில் 1949இல் வந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. பூட்டனார் இறந்தது 1953இல். மார்க்கமும் சட்டமும் ஒன்றாகச் சொன்னதை வீட்டு வழக்கம் வென்றிருக்கிறது. 'நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று. இனி அவளுக்கு என்ன?' என்னும் பேச்சை நம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்!

அந்த மஹல்லாவின் ஜமாஅத்தார் காரணத்தைக் கேட்டறிந்து பழைய தஃப்தரை எடுத்துக்காட்டினார்கள். 1929ஆம் ஆண்டின் நிக்காஹ் அங்கே இருந்தது. அக்குடும்பம் இப்போது எங்கே என்று கேட்டதற்கு, அங்கிருந்த பெரியவர் ஒருவர் கையை நீட்டித் தெருவைக் காட்டினார். லண்டன் ஆவணங்களில் நாங்கள் தேடிய இரத்தம், எங்களில் ஒருவர் பதினெட்டு ஆண்டுகளாக வசிக்கும் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருந்தது.

சிறிய ஓட்டு வீடு. வாசலில் ஓர் இளம்பெண் கொலுசுகளில் சலங்கை கோத்துக்கொண்டிருந்தாள். சேலத்து வெள்ளிப் பட்டறைகளிலிருந்து வீடுகளுக்கு வரும் கூலிவேலை. உள்ளே கட்டிலில் அவளுடைய பாட்டி. தமக்கையின் மகள் அவர். எங்கள் அத்தாவுக்கு மாமி மகள், முறைக்கு எங்களுக்குப் பெரியம்மா. இன்னார் பேரப்பிள்ளைகள் என்று சொன்னதும் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "மலைமேலருந்து வர்றீங்களா?" என்றார்.

சண்டையின் கதையை அவர்தான் சொன்னார். பூட்டனார் இறந்த பிறகு அவருடைய அத்தா போய் மனைவியின் பங்கைக் கேட்டிருக்கிறார். கேட்டதே குற்றமாகி, போக்குவரத்து நின்றது. "எங்க மாமாமார் மூணு பேரும் எங்க வீட்டு வாசலை மிதிக்கல. என் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரல," என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் கனம் தமிழ் வீடுகளில் பிறந்த எவருக்கும் தெரியும். "அம்மா மட்டும் வாசல்ல உக்காந்து மலையப் பாத்துட்டிருக்கும். நான் கிளம்பி வந்தப்போ காப்பி பூத்து மலையெல்லாம் வெள்ளையா இருந்துச்சுன்னு சொல்லும்."

பிறகு பேத்தியை அழைத்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். அதே கை. அதே அர்வி. அவருடைய பிள்ளைகளின் பிறப்புகள் ஒருபுறம். மறுபுறத்தில் எங்கள் குடும்பம். தம்பியரின் நிக்காஹ்கள், அவர்கள் பிள்ளைகள், எங்கள் அத்தாவின் பிறப்பு: ஹிஜ்ரி 1362 ஷஅபான். பள்ளிச் சான்றிதழில் இருப்பதற்குப் பத்து மாதம் முந்திய நாள். மலையிலிருந்து ஆரஞ்சு இறக்கும் வண்டிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினாராம். எங்களில் மூத்தவர் இருவரின் பிறப்பும் அதில் இருந்தது. மூன்றாமவர் பிறந்தது அவர் இறந்த பிறகு. அந்த வரியைப் பெரியம்மா தமிழ் எழுத்தில் எழுதியிருந்தார்.

எங்கள் வாரிசுப் பட்டியலிலிருந்து நாங்கள் நீக்கிய ஒருவர், எங்களைத் தம் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஒரு துஆ எழுதியிருந்தார். ஸிலத்துர் ரஹிம், உறவைச் சேர்த்தல், என்பதன் பொருளை எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அன்று அதைக் கையெழுத்தில் பார்த்தோம். எங்களில் ஒருவர் அழுததைப் பார்த்து மற்ற இருவரும் அழுதோம்.

பாட்டனாருக்கு எங்கள் அத்தா ஒரே பிள்ளை. ஆகவே எங்கள் கிளையின் முடிவு அம்மாவிடமும் எங்கள் மூவரிடமும் இருந்தது. அம்மா ஒரு நொடியும் தயங்கவில்லை. பதினாறரை சென்ட் சொச்சத்தைப் பதினேழாக்கி, அளந்து உட்பிரிவு செய்யும் பணியைத் தொடங்கியிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், பெரியம்மா கண்ணால் காணும்படி பதிவு முடியும். இத்தனை ஆண்டு விளைச்சலுக்கு ஹஜ்ரத் முன்னிலையில் ஒரு தொகை பேசி முடித்து, மன்னிப்பும் கேட்டோம். மற்ற இரு கிளைகளின் கதை இன்னும் முடியவில்லை. ஒரு கிளையார் தங்கள் பங்கை 1990களிலேயே விற்றுவிட்டவர்கள். பாட்டன் செய்ததற்குத் தாங்கள் பொறுப்பா என்கிறார்கள். மற்றொரு கிளையார் அவகாசம் கேட்டிருக்கிறார்கள். காலங்கடந்த வழக்கு நீதிமன்றத்தில் நில்லாது என்றும் ஒருவர் எடுத்துச் சொன்னார். இருக்கலாம். அடியார்களின் ஹக்குக்கு அல்லாஹ்விடத்தில் காலவரம்பு இல்லையே!

எங்கள் பாட்டனாரை இகழ இதை எழுதவில்லை. அவர் ஐவேளை தொழுதவர். பசித்து வந்தவரை உண்ணாமல் அனுப்பாதவர். அவருக்காக நாங்கள் யாஸீன் ஓதுகிறோம். ஆனால் அவர் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்க எங்களால் இயலும் என்றால், ஓதுவதோடு அதையும் செய்வதுதானே பிள்ளைகளின் கடமை?

வம்சாவளி தேட நினைக்கும் உங்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சில சொற்கள். இணையத்திற்குப் போகுமுன் உயிரோடிருக்கும் முதியவர்களிடம் போங்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய கிதாபுகளின் முதல், கடைசித் தாள்களைப் புரட்டுங்கள்; அர்வி தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள். ஒத்த பெயரைக் கண்டதும் ஒட்டிவிடாதீர்கள். தகப்பன் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். உயிரோடிருப்பவர்களின் விவரங்களை இணையத்தில் ஏற்றாதீர்கள்; பெரியம்மாவின் பெயரை நாங்கள் இங்கே எழுதாததும் அதனால்தான். பத்திர நகல்களை வாங்கிப் படிக்கும்போது ஒப்பமிட்டவர்களைப் பார்ப்பதோடு நில்லாமல், ஒப்பமிட்டிருக்க வேண்டியவர்களையும் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும், 'பெண்மக்கள் யார்? அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது?' என்று கேளுங்கள்.

அரபு நாடு வரை போன அந்தப் பெரிய தாளைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம். அதே சட்டத்தில் இப்போது வேறொரு தாள் இருக்கிறது. நான்கே தலைமுறைகள்தாம். திப்பு சுல்தானின் குதிரைப்படை அதில் இல்லை. மலைமேல் இருப்பவர்களும் மலையடியில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். உச்சியில் பூட்டனாருக்கு நான்கு கிளைகள். முதற்கிளை ஒரு மகள்.

எங்கள் இறைவனே! எங்களுக்கு முன் சென்றவர்களின் பிழைகளை மன்னிப்பாயாக. பிறருக்குரியது எங்கள் கையில் தங்கியிருந்தால் அதை நாங்கள் அறியவும், அறிந்தபின் கொடுக்கவும் அருள்வாயாக. அறுந்த உறவுகளை எங்கள் காலத்திலேயே சேர்த்துவைப்பாயாக. ஆமீன்.